கேஸ் குழாய் வராத வீடு

எங்கள் தெருவுக்கு கேஸ் குழாய் வரவில்லை, பெரிய சாலையோடு நின்றுவிட்டது. வீடு பார்க்க வந்தபோதே சொன்னார்கள். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று குடிவந்தோம். முதல் குளிர்காலம் பாதிகூடத் தாண்டவில்லை, ஒருநாள் விடியற்காலையில், வீட்டைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் பாய்லர் இரண்டு முறை உறுமிவிட்டு அடங்கிவிட்டது. கொல்லையில் இருக்கும் மண்ணெண்ணெய் டேங்கில் அளவுகாட்டி கால்வாசி இருப்பதாகக் காட்டியது. உள்ளே மிதவை சிக்கிக்கொண்டிருக்கிறது. டேங்க் காலி.

டேங்க் வறண்டுபோனால் எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது. அடியில் தங்கிய கசடு வடிகட்டியில் போய் அடைக்கும், குழாயில் காற்று ஏறிவிடும். ஆள் வந்து காற்றை வெளியேற்றினால்தான் பாய்லர் மறுபடி பற்றும். அந்த இரண்டு நாளும் அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீ வேலையப் பாரு" என்றார். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அன்றைக்குத்தான் ஒரு நோட்டு போட்டேன். ஞாயிறுதோறும் டேங்குக்குள் குச்சியை விட்டு அளந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி வைக்கிறேன்.

நோட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான், லிட்டர் என்ன விலை, கிலோ என்ன விலை என்று பார்ப்பதே தவறு என்று புரிந்தது. அறைக்குள் வந்து சேரும் ஒரு யூனிட் சூடு (மின்சார மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான்) என்ன விலை என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 யூனிட் சூடு இருக்கிறது. பாய்லர் அதில் 85 சதவீதத்தைக் கொடுத்தால் நமக்கு எட்டரை யூனிட். டேங்கில் திரவமாக நிரப்பும் புரொப்பேன் கேஸில் லிட்டருக்கு 7 யூனிட்தான். லிட்டர் விலையை மட்டும் பார்த்தால் புரொப்பேன் மலிவாகத் தெரியும், சூட்டுக்குக் கணக்குப் போட்டால் கதை மாறிவிடலாம். மின்சார ஹீட்டரில் ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு. விலை கூடிய ஹீட்டர் வாங்கினாலும், கடையில் இருப்பதிலேயே சின்னதை வாங்கினாலும் இதில் மாற்றமில்லை.

பாய்லர் நின்ற அந்த நாட்களில் அவசரத்துக்கு, புரொப்பேன் சிலிண்டரை உள்ளே வைத்து எரிக்கும் நகரும் ஹீட்டர் ஒன்று வாங்கினோம். அறை சீக்கிரம் சூடானது. ஆனால் காலையில் ஜன்னலெல்லாம் தண்ணீர் வழிந்தது, அலமாரிக்குப் பின்னால் சுவரில் கருப்பாகப் பூஞ்சை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகிறது. புகைபோக்கி இல்லாததால் அத்தனையும் வீட்டுக்குள்ளேயே தங்கும். கதவை இறுக்க மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும் ஆபத்தும் உண்டு. யாராவது வைத்திருந்தால், தயவுசெய்து அதற்கான அலாரம் ஒன்றை இன்றே மாட்டுங்கள்.

அப்புறம் விறகு. அடுத்த வருடம் சின்ன இரும்பு அடுப்பு ஒன்று வைத்தோம். முதல் லோடு பச்சை விறகு. அடுப்புக்குள் கட்டையின் நுனியில் நுரை தள்ளியது, 'உஸ்' என்று சத்தம், கண்ணாடி முழுக்கக் கரி. அதிலிருந்து ஒரு கட்டையை எடுத்து சமையலறைத் தராசில் வைத்தேன். 2 கிலோ. அதன்மேல் பென்சிலால் எழுதி, காற்றோட்டமாகக் கொட்டகையில் அடுக்கினேன். இரண்டு கோடை கழித்து எடுத்துப் பார்த்தால் ஒன்றேகால் கிலோ. முக்கால் கிலோ தண்ணீருக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்! அதை ஈரமாகவே எரித்திருந்தால், அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே அரை யூனிட் சூடு போயிருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், தீ தணிந்து எரிவதால் பாதி எரிந்த புகை புகைபோக்கியில் தாராகப் படிவது. அந்தத் தார்தான் ஒருநாள் தீப்பிடிக்கும்.

ஹீட் பம்ப்பைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே இழுத்துவருகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் கிடைக்கும். ஆனால் அறைகளைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டருக்கு 65 டிகிரி தண்ணீர் கேட்டால் அந்த மூன்று கிடைக்காது, 40 டிகிரி போதுமென்றால்தான் கிடைக்கும். அதற்கு ரேடியேட்டர்கள் பெரிதாக இருக்க வேண்டும், வீட்டிலிருந்து சூடு கசியக் கூடாது. எங்களிடம் இப்போதைக்கு அதற்கான பணம் இல்லை.

இந்தப் பணம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். குழாய் கேஸ் உள்ளவர்கள் எரித்த பிறகு கட்டலாம். நாங்கள் எரிப்பதற்கு முன்பே மொத்தத்தையும் எண்ணி வைக்க வேண்டும். கையில் பணம் இருப்பவர்கள் விலை இறங்கும்போது டேங்கை நிரப்பிக்கொள்கிறார்கள். இல்லாதவர்கள் நடுக்குளிரில் கேன் கேனாக வாங்கி, அதே சூட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். இது நியாயமே இல்லை.

எங்களால் முடிந்தது பரணில் கனமாகக் கம்பளிப் பஞ்சு விரித்ததும், கதவிடுக்குகளை அடைத்ததும்தான். வெளியே 5 டிகிரி இருக்கும்போது உள்ளே 21-க்குப் பதில் 19 வைத்தால், வெளியேறும் சூட்டில் எட்டில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் அம்மாவின் அறையில் 21-ஐக் குறைக்கவில்லை, குறைக்கவும் மாட்டேன்.

இந்த ஞாயிறு குச்சியில் 46 சென்டிமீட்டர். போன வருடம் இதே வாரம் 31. இரண்டு வருடமும் ஒரே நாளில், ஒரே அளவுதான் நிரப்பினோம். அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த வருஷம் கேன் தூக்க வேண்டாமா?" என்றார்.