ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நொடி, அது செத்ததைக் கண்டுபிடிக்க மூன்று வாரம்

மூன்று வாரமாகத் தினமும் காலையில் ‘பேக்அப் முடிந்தது’ என்று மெயில் வந்துகொண்டிருந்தது. யாரோ அழித்த ஒரு எக்செல் கோப்பைத் திரும்ப எடுக்கப் போனபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. பல கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும் டார் ஒழுங்காக விரிந்தது. பொதியைச் சுருக்கும் ஜிஸிப்பின் சோதனையும் பாஸ். கோப்பின் அளவுகூட ஒரு பைட் பிசகவில்லை. ஹெக்ஸ்டம்ப் போட்டு பைட் பைட்டாகப் பார்த்தால் நடுவிலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்ஜியம்.

அமைப்பு இதுதான்: லினக்ஸ் சர்வர், வட்டுகளைச் சேர்த்து வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம், அதன் மேல் 400 ஜிபி எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். இரவு 1 மணிக்கு 10 ஜிபி ஸ்னாப்ஷாட் (வால்யூம் அந்த நொடியில் இருந்தபடியே காட்டும் நகல்; பிறகு மாறும் இடங்களின் பழைய உள்ளடக்கம் மட்டும் அந்த 10 ஜிபிக்குள் போகும்), அதை மவுண்ட் செய்து டார், ஜிஸிப், வேறு சர்வருக்கு அனுப்புதல், கடைசியில் ஸ்னாப்ஷாட்டை நீக்குதல். 2 மணிக்கு நேரப்படி தானாக ஓடும் இன்னொரு கிரான் வேலை, டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட் 14 ஜிபியை அதே வால்யூமில் கொட்டும். டார் அப்போது பாதி வழியில் இருக்கும்.

‘காலி இடத்தில்தானே புதுக் கோப்பு போகிறது, பழையது எதுவும் மாறவில்லையே’ என்று நானும் நினைத்தேன். எது காலி, எது கோப்பு என்பது ஃபைல் சிஸ்டத்துக்குத்தான் தெரியும். கீழே இருக்கும் எல்விஎம்முக்குத் தெரியாது. ஒரு இடத்தில் முதல் முறை எழுதப் போனால், அங்கே இருந்த பழைய குப்பையையும் பத்திரமாக ஸ்னாப்ஷாட்டுக்குள் நகலெடுத்து வைக்கும். ஆக 14 ஜிபி புதுக் கோப்புக்கு 14 ஜிபி ஸ்னாப்ஷாட் இடம் போகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் மட்டும் ஒரு தடவைதான் கணக்கு. அதனால் ஃபைல் சிஸ்டத்தின் மாற்றக் குறிப்பேடான ஜர்னல் சுற்றிச் சுற்றி எழுதுவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

10 ஜிபி நிரம்பியதும் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூல வால்யூமுக்கு ஒரு சேதமும் இல்லை, அது பாட்டுக்கு ஓடும். அதனால் யாருக்கும் தெரியாது. கர்னல் பதிவில் மட்டும் ‘இன்வேலிடேட்டிங் ஸ்னாப்ஷாட்’ என்று ஒரு வரி இருக்கும். வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் கட்டளை காட்டும் பண்புக் குறிகளில் ஐந்தாவது எழுத்து, ஆங்கிலப் பெரிய ‘ஐ’ ஆகிவிடும். டார் படிக்க முடியாமல் தவித்து, படித்துக்கொண்டிருந்த கோப்பின் மிச்சத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பி, அடுத்தடுத்த கோப்புகளைத் திறக்க முடியாமல் விட்டுவிட்டு, வெளியேறும்போது 2 என்ற பிழை எண்ணைத் தந்தது. ஆனால் டாரின் வெளியீட்டைக் கடத்தும் பைப்பின் கடைசியில் நிற்பது ஜிஸிப். அது 0, அதாவது ‘பிழை இல்லை’ என்று தந்தது. ஸ்கிரிப்ட் பார்த்தது அந்த 0-வைத்தான். பாஷ் ஸ்கிரிப்டின் மேலே பைப்பில் எது தோற்றாலும் பிழை காட்டும் ‘பைப்ஃபெயில்’ ஆப்ஷனைப் போட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

திருத்தப் போனபோது அடுத்த இடி. ஸ்னாப்ஷாட்டைப் பெரிதாக்க வால்யூம் குரூப்பில் (எல்விஎம்மின் வட்டுத் தொகுப்பு) இடமே இல்லை. நிறுவியவர் மிச்சம் முழுவதையும் வால்யூமுக்கே கொடுத்திருந்தார். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் என்றால் அன்மவுண்ட் செய்து சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இப்படிச் சுருக்க வழியில்லை. 60 ஜிபி வட்டு ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட் கட்டளைகளால் குரூப்பில் இணைத்தேன். ஸ்னாப்ஷாட் எடுக்கும் எல்விகிரியேட் கட்டளையின் கடைசியில் அந்தப் புது வட்டின் பெயரைக் கொடுத்தால் நகல்கள் அங்கேயே போகும். இதற்கு யூஎஸ்பி வட்டு மட்டும் வேண்டாம். யாராவது பிடுங்கினால் குரூப்பே வட்டைக் காணோம் என்று நிற்கும்.

தானாகப் பெரிதாகும் வசதி எல்விஎம் அமைப்புக் கோப்பில் இருக்கிறது, ஆனால் எத்தனை விழுக்காடு நிரம்பியதும் பெரிதாக்குவது என்ற வரம்பு இயல்பாக 100. அதாவது அணைத்து வைத்திருக்கிறார்கள். 70 என்று மாற்றி, பெரிதாக்கும் விழுக்காட்டை 20 என விட்டால் 10 ஜிபி ஸ்னாப்ஷாட் 7 ஜிபி தொட்டதும் 12 ஆகும். இதற்கு, நிரம்புவதைப் பின்னணியில் கண்காணிக்கும் டிஎம்ஈவெண்ட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது இடைவெளி விட்டுத்தான் பார்க்கும், வேகமான எஸ்எஸ்டியில் அதற்குள் நிரம்பிவிடலாம். தொடக்கத்திலேயே தாராளமாக 40 ஜிபி கொடுத்துவிட்டேன்.

மவுண்டில் அரை நாள் போனது. ஸ்னாப்ஷாட்டின் யூயூஐடியும் (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) மூலத்தின் யூயூஐடியும் ஒன்றே என்பதால் எக்ஸ்எஃப்எஸ் மறுக்கும். ‘நோயூயூஐடி’ ஆப்ஷன் கொடுக்க வேண்டும். அதுவரை தெரிந்ததுதான். ‘பேக்அப்புக்குத்தானே’ என்று ஸ்னாப்ஷாட்டையே படிக்க மட்டும் என உருவாக்கியதுதான் தப்பு. எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுக்கும் நொடியில் ஃபைல் சிஸ்டத்தை உறைய வைத்தாலும், எக்ஸ்எஃப்எஸ் தன் லாகை, அதாவது ஜர்னலை, வேண்டுமென்றே சுத்தமில்லாததாக விட்டுவைக்கும். அழிக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளை மவுண்டின்போது கணக்குத் தீர்க்க அது தேவை. அந்த மீட்புக்கு எழுத அனுமதி வேண்டும். எனவே எழுதக்கூடிய ஸ்னாப்ஷாட்டாக எடுத்து, மவுண்டை மட்டும் படிக்க மட்டும் என்று வையுங்கள். ‘நோரிகவரி’ போட்டாலும் மவுண்ட் ஆகும்தான்; லாகைத் தாண்டிக் குதித்து எடுத்த பேக்அப்பை நான் நம்பமாட்டேன்.

ஃபைல் சிஸ்டத்தை உறைய வைக்கும் எக்ஸ்எஃப்எஸ்_ஃப்ரீஸ் கட்டளையைக் கையால் கொடுக்கச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள். எல்விஎம்மே அதைச் செய்கிறது. ஜர்னல் தனி வட்டில் இருந்தால் கதை வேறு. இரண்டு வால்யூமையும் ஒரே கணத்தில் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது, அதனால் அந்த முறை வேண்டாம்.

ஜர்னல் ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பைத்தான் காக்கும், கோப்புக்குள் டேட்டாபேஸ் பாதி எழுதியதை அல்ல. மைஎஸ்க்யூஎல்லில் படிப்புப் பூட்டைப் போட்டுவிட்டு ஸ்னாப்ஷாட் எடுக்கும் ஸ்கிரிப்டுகளில் ஒரே தவறைப் பல தடவை பார்த்திருக்கிறேன்: பூட்டுக்கு ஒரு கட்டளை, ஸ்னாப்ஷாட்டுக்கு அடுத்த கட்டளை. முதல் கட்டளை முடிந்து இணைப்பு மூடியதுமே பூட்டும் போய்விடும். அதே செஷனுக்குள்ளிருந்து எல்விகிரியேட்டை அழைக்க வேண்டும்.

இன்னொன்று. மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும் டாரின் படிநிலை பேக்அப், கோப்பு இருக்கும் வால்யூமின் சாதன எண்ணையும் பார்க்கும். ஸ்னாப்ஷாட்டின் எண் இரவுக்கு இரவு மாறலாம்; மாறினால் எல்லாக் கோப்பும் புதிது என்று முழுதாக எடுத்துவிடும். ‘நோ-செக்-டிவைஸ்’ ஆப்ஷன் இதற்கென்றே இருக்கிறது. போட்ட மறுநாள் பேக்அப் 180 ஜிபியிலிருந்து 3 ஜிபிக்கு இறங்கியது!

இப்போது நீக்குவதற்கு முன் எல்விஎஸ் காட்டும் நிரம்பிய விழுக்காட்டை ஸ்கிரிப்ட் எடுத்து மெயிலின் தலைப்பிலேயே போடுகிறது. நேற்று 41. நீக்கும் படியிலும் ஒரு சில்லறைத் தொல்லை உண்டு: எவராவது ஒரு டெர்மினலில் அந்த மவுண்டுக்குள் நின்றுகொண்டிருந்தால் அன்மவுண்ட் ஆகாது, ஸ்னாப்ஷாட்டை நீக்கும் எல்விரிமூவும் மறுக்கும், ஸ்னாப்ஷாட் பகலெல்லாம் தங்கி வட்டில் எழுதுவதை மெதுவாக்கும். அதனால் ஸ்கிரிப்டின் முதல் வேலையே நேற்றைய ஸ்னாப்ஷாட் கிடக்கிறதா என்று பார்ப்பது. கிடந்தால் ஃபியூசர் போட்டு யார் என்று மெயிலில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடும்.