ரீஸ்டோர் ஆகாத பேக்கப்பிலிருந்து கடைக் கணக்கை எடுத்த கதை

காசிமேட்டில் விசைப்படகு என்ஜினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒரு கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். படகெல்லாம் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு சீசன். இன்ஜெக்டர் நாசில், இம்பெல்லர், கிளாண்ட் கயிறு, ஃபில்டர், கிரீஸ் என்று சரக்கு போய்க்கொண்டே இருக்கும். காசு மட்டும் வராது. படகு கடலுக்குப் போய் மீனோடு திரும்பிய பிறகுதான் அது வர ஆரம்பிக்கும். அதுவரை எல்லாம் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் படகு நம்பர் வாரியாக நிற்கும் பாக்கி.

2025 ஜூன் முதல் வாரத்தில் டேலி இருந்த கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஆன் செய்தால் டிக் டிக்கென்று சத்தம் வருகிறது, பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம்) டிஸ்க்கின் பெயரே காணோம். மே மாத விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னை ஜூன் 11-க்குள் போட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ். அதைக் கட்டிவிடலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல் ஜூன் 15-ஆம் தேதி கடையைத் திறப்பதுதான் கவலை.

பேக்கப் இல்லாமல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் தண்ணீர் ஏறி, தரையில் இருந்த கம்ப்யூட்டர் கேபினட்டை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். அதற்குப் பிறகு முதலாளி ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கினார். விண்டோஸ் 10-இன் கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதில் சிஸ்டம் இமேஜ், அதாவது விண்டோஸோடு சேர்த்து டிரைவ் முழுவதன் நகல், வாராவாரம் எடுக்கும்படி ஒருவர் செட் செய்து கொடுத்தார். கடைசி இமேஜ் மே மாதக் கடைசி வாரத்தில் எடுத்தது.

பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் புதிதாக 480 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, இமேஜை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஏறவில்லை. பேக்கப் கரப்ட், எக்ஸ்டெர்னலையும் ஃபார்மட் பண்ணிவிட்டுப் புதிதாக ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி எனக்கு போன் செய்தார்.

"இன்னாம்மா, வச்சிருந்த பேக்கப்பும் பூட்ச்சாம். அப்புறம் எதுக்கு அந்தப் பொட்டிய வாரா வாரம் சொருகுனேன்?"

"அண்ணா, அந்தப் பொட்டிய யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க. ஃபார்மட் மட்டும் பண்ணவே கூடாது. நான் வந்து பாக்கறேன்."

போனதும் ரீஸ்டோரைத் தொடவில்லை. இருக்கும் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு சோதனை செய்து பார்ப்பது எனக்குச் சரிப்படாது. என் லேப்டாப்பில் அவ்வளவு இடமும் இல்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவில் இன்னொரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கி வந்தேன். பேக்கப் ஃபோல்டரை அப்படியே அதில் காப்பி எடுத்தேன். இந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்க வேண்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, நம் இமேஜ் ஃபைலோ 170 ஜிபிக்கும் மேல். காப்பி ஒரு எரரும் இல்லாமல் முடிந்தது. ஃபைலைக் கடைசி வரை படிக்க முடிகிறது என்றால் டிஸ்க்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. 'கரப்ட்' என்ற பேச்சில் எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான்.

அப்புறம் ரீஸ்டோர் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, ரிப்பேர் பகுதிக்குள் போய், சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி. எக்ஸ்டெர்னலைப் பின்பக்க யுஎஸ்பியில் செருகினேன். முன்பக்க சாக்கெட்டை நம்ப முடியாது, கடல் காற்றில் அந்தக் கடையில் எந்த உலோகமும் நிறம் மாறாமல் இருந்ததில்லை. திரையில் வந்த முதல் செய்தி: இந்தக் கம்ப்யூட்டரில் சிஸ்டம் இமேஜ் எதுவும் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? விண்டோஸ் அந்த இமேஜை ஒரே இடத்தில்தான் தேடும். டிரைவைத் திறந்ததும் முதல் மட்டத்திலேயே 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' என்ற ஃபோல்டர், இடைவெளி இல்லாமல் அதே பெயரில் இருக்க வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதியோடு பேக்கப். இங்கே முதலாளியின் பையன் கல்யாண போட்டோக்களை ஏற்றுவதற்காக டிஸ்க்கை ஒழுங்குபடுத்தி, இருந்ததையெல்லாம் 'பழைய கடை ஃபைல்' என்ற ஃபோல்டருக்குள் தள்ளியிருந்தான். பையனைத் திட்டுவதில் அர்த்தமில்லை, ஃபோல்டரை நகர்த்தக் கூடாது என்று அதன் மேல் எழுதியா வைத்திருக்கிறது? கட் செய்து வெளியே போட்டேன். ஒரே டிரைவுக்குள் என்பதால் ஒரு நொடி வேலை.

இப்போது இமேஜ் தெரிந்தது, தேதியும் சரியாக வந்தது. அடுத்து என்று அமுக்கினால் இரண்டாவது செய்தி: இமேஜ் எடுத்த கம்ப்யூட்டர் பயாஸில் ஓடியது, இது இஎஃப்ஐயில் ஓடுகிறது, ஃபர்ம்வேர் வேறு என்பதால் ரீஸ்டோர் செய்ய முடியாது.

அதே மதர்போர்டுதானே, எப்படி வேறாகும் என்று தோன்றும். அந்த போர்டு இரண்டு விதமாகவும் பூட் ஆகும். பழைய விண்டோஸை யாரோ லெகசி பயாஸ் என்ற பழைய முறையில் இன்ஸ்டால் செய்திருக்கிறார்கள், பென்டிரைவ் யுஇஎஃப்ஐ (செய்தியில் வந்த இஎஃப்ஐ இதுதான்) என்ற புதிய முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை வரிசையில் நிற்கும், ஒன்றின் முன்னால் 'யுஇஎஃப்ஐ' என்று போட்டிருக்கும். அது இல்லாததைத் தேர்ந்தெடுத்து பூட் செய்தேன். இரண்டாவது செய்தி போய்விட்டது.

மூன்றாவது வந்தது. சிஸ்டம் டிஸ்க்கை மீட்பதற்கு ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை, 80042412 என்று முடியும் எரர் நம்பர். சர்வீஸ் கடையில் கைவிட்டது இந்த இடத்தில்தான் என்று பிறகு பேசியபோது தெரிந்தது. முந்திய இரண்டையும் அவர்கள் தாண்டியிருந்தார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டவும் வேண்டும். பையன் ஒழுங்குபடுத்தியது அவர்கள் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்த பிறகா முன்பா என்பதில் கடையில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

இந்த எரரின் பொருள் எளிது. செத்துப்போன டிஸ்க் 1 டிபி, புதியது 480 ஜிபி. பழைய டிஸ்க்கில் உண்மையில் நிரம்பியிருந்தது 180 ஜிபிக்கும் கீழே. ஆனால் இமேஜ் ரீஸ்டோர் ஃபைல்களின் அளவைப் பார்ப்பதில்லை, டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளான பழைய பார்ட்டிஷன்களை அதே அளவில் மறுபடி போடப் பார்க்கிறது. வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கிறவன் அதே அளவு மனை கேட்பது போலத்தான், உள்ளே முக்கால்வாசி அறை காலி என்பது அவனுக்குத் தேவையில்லாத விஷயம். பழைய டிஸ்க் உயிரோடு இருந்திருந்தால் பார்ட்டிஷனைச் சுருக்கிவிட்டு வேறு இமேஜ் எடுத்திருக்கலாம்.

ஆக மூன்று செய்திகளில் ஒன்றுகூட இமேஜ் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. எங்கே இருக்கிறாய், எந்த முறையில் பூட் ஆனாய், எவ்வளவு இடம் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டன.

முதலாளிக்கு எல்லாம் பழையபடி அப்படியே வர வேண்டும் என்று ஆசை. அதற்கும் வழி உண்டு. 1 டிபியோ அதற்கு மேலோ ஒரு டிஸ்க் வாங்கி, அதில் ரீஸ்டோர் செய்து, பார்ட்டிஷனைச் சுருக்கி, பிறகு எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்யலாம். எனக்கு அதில் விருப்பம் இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிய இருந்தது, அந்த மெஷின் விண்டோஸ் 11-ஐத் தாங்காது. கொஞ்ச நாளில் மாற்றப் போகிற மெஷினுக்காக எட்டு வருஷக் குப்பையோடு பழைய விண்டோஸை எழுப்புவானேன்? நமக்குத் தேவை டேலி டேட்டா. அதை நேராக இமேஜுக்குள்ளிருந்தே எடுக்கலாம்.

தேதி போட்ட ஃபோல்டரைத் திறந்தால் நிறைய எக்ஸ்எம்எல் ஃபைல்களோடு விஹெச்டிஎக்ஸ் என்று முடியும் இரண்டு பெரிய பெயர்கள் இருந்தன. பெயர் எண்ணும் எழுத்துமாக ஒரு முழ நீளம், அதைப் பார்த்து ஒன்றும் புரியாது, அளவைப் பார்க்க வேண்டும். சிறியது பூட் பகுதி, 170 ஜிபி சொச்சம் உள்ளது சி டிரைவ். இது ஒரு மெய்நிகர் டிஸ்க், விண்டோஸே திறக்கும். வேறு சாஃப்ட்வேர் வேண்டாம்.

என் லேப்டாப்பில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய், ஆக்‌ஷன் மெனுவில் 'அட்டாச் விஹெச்டி', அங்கே 'ரீட் ஒன்லி' என்பதில் டிக். டபுள் க்ளிக் செய்தாலும் திறக்கும், ஆனால் அப்படித் திறந்தால் உள்ளே எழுதவும் வழி விட்டுவிடும். இமேஜுக்குள் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்பதால் டிக் போட்டேன். சில நொடியில் ஜி என்ற எழுத்தோடு கடைக் கம்ப்யூட்டரின் சி டிரைவ் முழுசாக என் திரையில் வந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த சாமி படம் உட்பட.

டேலி டேட்டா எளிதாகக் கிடைத்தது. பப்ளிக் யூசர் ஃபோல்டருக்குள், டேலி பிரைமின் டேட்டா ஃபோல்டரில், கம்பெனிக்கு ஒன்றாக எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள். மொத்தமாகக் காப்பி செய்துகொண்டேன்.

முதலாளியின் சொந்த யூசர் ஃபோல்டரில்தான் மாட்டியது. ரேட் லிஸ்ட் எக்செல் எல்லாம் அதற்குள் இருக்கிறது. திறந்தால், உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்கிறது. தொடர் என்று அமுக்கினாலும் திறக்கவில்லை. காரணம், அந்த பட்டன் ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் என் பெயரை எழுதப் பார்க்கிறது, நானோ ரீட் ஒன்லியில் திறந்திருக்கிறேன், எழுத இடமில்லை. இங்கே பலரும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி திறந்துவிடுவார்கள். வேண்டியதில்லை. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ரோபோகாப்பி கட்டளையை அதன் பேக்கப் முறையில் ஓட்டினால், அதாவது சாய்கோடு போட்டு 'பி' என்ற ஸ்விட்சோடு, அனுமதிப் பட்டியலைப் பொருட்படுத்தாமல் படித்துக்கொள்ளும். ரேட் லிஸ்ட் வந்தது, பழைய கொட்டேஷன்கள் வந்தன.

என் லேப்டாப் டேலியில் அந்த டேட்டாவைத் திறந்தேன். கம்பெனி திறந்தது, கடைசி வவுச்சர் மே கடைசி வாரத்தது. திறந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாமல், மார்ச் 31-க்கு ஆடிட்டருக்குக் கொடுத்த டிரையல் பேலன்ஸ் பிரின்ட்டை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. முதலாளிக்கு போன் போட்டு ஒரு படகு நம்பரைச் சொல்லி அதன் பாக்கியைப் படித்தேன். "ஆமா, அவன் ஷாஃப்ட் எடுத்தான், கரெக்ட்" என்றார். குரலில் ஒரு வாரத்துக்குப் பிறகு உயிர் வந்திருந்தது.

கடை எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போட்டோம். மதர்போர்டு அதுவே என்பதால் இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது. டேலி அப்படி இல்லை. லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும், அதற்கான கீ பதிவு செய்த ஈமெயிலுக்குப் போகிறது, அது எனக்கு முன்னால் கணக்கு எழுதியவருடையது. அவரைத் தேடிப் பிடிக்கும் வரை டேலி, லைசென்ஸ் இல்லாதபோது ஓடும் எஜுகேஷனல் மோடில்தான் ஓடியது. அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்குத்தான் என்ட்ரி போடலாம். ஜூனில் 31 ஏது? அதுவரை வேலையை என் லேப்டாப்பில் ஓட்டினேன்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இன்னொரு தலைவலி. அச்சடித்த பில் தாளின் அளவு பழைய விண்டோஸோடு போய்விட்டது. ஸ்கேலால் தாளை அளந்து, பிரின்ட் சர்வர் ப்ராப்பர்டீஸில் புது ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, தொகை கட்டத்துக்குள் விழும் வரை தாளை வீணாக்கினோம்.

மிச்சம் இருந்தது, இமேஜுக்கும் டிஸ்க் செத்ததற்கும் இடைப்பட்ட நாட்கள். பில்லின் இரண்டாம் பிரதி கடையில் இருக்கிறது, பில் நம்பர் வரிசையில் வருவதால் விட்டுப்போனது எது என்று தெரியும். கொள்முதல் பில்கள் வாட்ஸப்பில் இருந்தன. பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கிக்கொண்டேன். ரிட்டர்ன் 10-ஆம் தேதி இரவு போனது. கையில் வாங்கிய ரொக்கம்தான் சிக்கல், அது முதலாளியின் பாக்கெட் டைரியில் அவர் நினைத்தபோது எழுதியது. தடை முடிந்து படகுகள் போய்த் திரும்பிய பிறகு, ஒருவர் தன் நோட்டைக் கொண்டுவந்து, தான் கொடுத்த 8,000 ரூபாய் எங்கள் கணக்கில் இல்லை என்று காட்டினார். தேதி அந்த இடைப்பட்ட நாட்களுக்குள் வந்தது, முதலாளியும் வாங்கியது நினைவிருக்கிறது என்றார். அவர் எதிரிலேயே ரசீது என்ட்ரி போட்டு, புதுப் பாக்கியை பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன்.