திருவாதிரையைத் தேடி பரனால் மலைக்கு

2020 ஜனவரியில் மொட்டை மாடியில் நின்று திருவாதிரையைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. செக்கச்செவேலென்று எரியும் விண்மீன், அடையாளமே தெரியாமல் மங்கிக் கிடந்தது. "களி கிண்டுற மாசத்துல இப்படியா?" என்று அம்மாவுக்கும் கவலை. அதற்கு விடை 2021இல் வந்தது. விடை சொன்ன மலைக்கு நான் போய்ச் சேர இந்தப் பிப்ரவரி வரை ஆகிவிட்டது.

சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டாவிலிருந்து தெற்கே சுமார் 120 கி.மீ. வழியெல்லாம் அட்டகாமா பாலைவனம். புல் பூண்டு இல்லை. பெரிய தொலைநோக்கிகள் நிற்கும் பரனால் மலையின் உயரம் 2,635 மீட்டர். சனிக்கிழமைகளில் பொதுமக்களை இலவசமாக அனுமதிக்கிறார்கள், முன்பதிவு கட்டாயம்.

வெளியே தோலைக் கருக்கும் வெயில். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தொலைநோக்கிக் கூடத்துக்குள் நுழைந்தால் சில்லென்றிருக்கிறது. இரவில் வரப்போகும் குளிரைப் பகலிலேயே உள்ளே வைத்திருக்கிறார்கள். கூரை திறந்ததும் தொலைநோக்கியின் கண்ணாடி ஆடியின் முன் காற்று கலங்கக் கூடாதே! 8.2 மீட்டர் அகல ஆடி, தடிமனோ ஒரு சாணுக்கும் குறைவு.

இப்படி நான்கு தொலைநோக்கிகள். சிலியின் பூர்வகுடிகளான மாபுச்சே மக்களின் மொழியில்தான் பெயர்கள். அவற்றில் மெலிபால் என்றால் தென்சிலுவை மீன்கூட்டம் என்று பொருள். அந்தத் தொலைநோக்கியில் பொருத்திய ஸ்பியர் கருவிதான் திருவாதிரையைப் படமெடுத்தது. சென்னையில் நின்றுகொண்டு திண்டிவனத்தில் கிடக்கும் ஒரு ரூபாய்க் காசைப் பார்க்கிற மாதிரியான வேலை அது. 2019 ஜனவரிப் படத்தில் முழு வட்டம். டிசம்பர் படத்தில் தென்பாதி இருண்டிருக்கிறது.

திருவாதிரை சுமார் 400 நாளுக்கொரு முறை விம்மித் தணிகிற மீன். மேற்பரப்பும் கொதிக்கும் உலை போலப் புரண்டுகொண்டே இருக்கும். அப்படி ஒருமுறை பெரிய வாயுக் குமிழ் ஒன்றை வெளியே தள்ளியிருக்கிறது. பிறகு மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர, அந்த வாயு தூசியாக உறைந்து நம் பார்வையை மறைத்துவிட்டது. பாறைக்கும் கோளுக்கும் மூலப்பொருள் இத்தகைய தூசிதான். அது உருவாவதையா மாடியில் நின்று பார்த்தேன்!

பொழுது சாயும் முன் பார்வையாளர்கள் இறங்கிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு, ஊருக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டி வடக்கே பார்த்தேன். அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே விடிந்து, கோலம் போட்டு முடித்திருந்தாள்.

"மீன் எப்படிடா இருக்கு?"

"நல்லா சிவப்பா இருக்கும்மா. ஆனா இங்க எல்லாம் தலைகீழ். அதே கூட்டத்து ரைஜல் மீன் மேல, திருவாதிரை கீழ."