கோபுரத்தின் குரல்

"ஓடுபாதை இரண்டு ஏழு, தரையிறங்கலாம்" என்று இன்று காலை பதினோராவது தடவையாகச் சொல்லி முடித்த அதே நொடியில், வேலிக்கு அப்பால் அயல்வீட்டுச் சேவல் கூவியது.

கிளிநொச்சியில் என் ஒலிப்பதிவுக் கூடம், சுவரில் மெத்தை சாத்திய ஓர் அறைதான்.

1998 இல் வெளிவந்த ஃபால்கன் 4.0 என்ற போர்விமான சிமுலேட்டர் கணினி விளையாட்டில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பேச்சு முழு வாக்கியங்களாக இல்லை. அழைப்புப்பெயர், இலக்கம், கட்டளை என்று துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டு, தேவைப்படும் கணத்தில் கோக்கப்படுகிறது. அந்தத் துண்டுகளுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிறேன்.

சிக்கல் வேற்றுமை உருபில் வந்தது. 'இரண்டு ஏழில்' என்று பதிந்தால் அந்த 'ஏழில்' உயரத்தைச் சொல்லும் இடத்தில் பொருந்தாது. ஆகவே எல்லா இலக்கங்களையும் உருபின்றி, தந்தி வாசகம்போல் மொட்டையாகச் சொன்னேன்.

ஆங்கில வானொலியில் ஒன்பதை 'நைனர்' என்பது 'ஃபைவ்' உடன் குழம்பாதிருக்கத்தான். வானொலிபோல் ஒலிக்க, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 3,000 ஹேர்ட்ஸுக்கு மேலும் ஒலியை வெட்டி இரைச்சல் சேர்த்த பிறகு, எங்கள் ஆறும் ஏழும் அதேபோல் குழம்பின. ஏழை மட்டும் நீட்டிச் சொல்லித் தப்பினேன்.

மாலையில் எஞ்சின் இரைச்சலோடு ஓட்டிப் பார்த்தபோது, அடுப்படியில் நின்ற அம்மா முற்றத்துக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். குண்டுபோடும் கிபிர் விமானம் வரும் திசையை, போர் முடிந்த 2009 வரை செவியாலேயே கணித்தவர் அவர்.

"சத்தத்தைக் குறை, அப்பன்" என்றார். சற்று நின்று, "அதுக்குள்ள ஆர் தமிழில கதைக்கிறது?" என்று கேட்டார்.