கையில் வாள் இருந்தும்
நேற்று ராத்திரி தம்பியோடு உட்கார்ந்து 'கில்ட்டி க்ரவுன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முதல் எபிசோடை மறுபடியும் பார்த்தேன். சிப்பாய்கள் இனோரி என்ற பெண்ணை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கதாநாயகன் ஷூ நின்று பார்க்கிறான். கால் நகரவில்லை.

"இவனா ஹீரோ?" என்று தம்பி கேட்டான்.

சரி, பயம் தப்பில்லை. 1995இல் வந்த 'எவாஞ்செலியன்' அனிமேயின் நாயகன் ஷிஞ்சியும் பயந்தவன்தான், ஆனால் அந்தக் கதையே அவன் பயத்தைப் பற்றியது, அதனால் அவன் நடுங்கும்போது நாமும் நடுங்குகிறோம். ஷூ அப்படி இல்லை. அவனை யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பாதித் தொடர் வரை அந்த வேலையை கிளர்ச்சிக் குழுவின் தலைவன் காய் செய்கிறான்.

எனக்கு ஆறவே இல்லை, ஏனென்றால் மற்றதெல்லாம் அவ்வளவு நன்றாக இருந்தது. 2011இல் ப்ரொடக்‌ஷன் ஐ.ஜி ஸ்டுடியோ எடுத்தது, ஹிரோயுகி சவானோவின் இசை. ஷூ ஒருவர் நெஞ்சுக்குள் கைவிட்டு அவர் மனத்தையே ஒரு பொருளாக உருவி எடுப்பது என்ன அருமையான கற்பனை! இனோரியிடமிருந்து வாள் வருகிறது, அவன் வகுப்புத் தோழி ஹரேயிடமிருந்து காயத்தை ஆற்றும் கட்டுத்துணி வருகிறது. அந்தத் துணி ஒன்றே போதும், ஹரே யார் என்று புரிந்துவிடும்.

ஷூ? ஹரே இறந்ததும் திடீரென்று கொடுங்கோலன் ஆகிறான். அதுவரை தானாக ஒரு முடிவும் உறுதியாக எடுக்காதவன் அப்படி மாறும்போது எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஹரேவுக்காக மட்டும் அழுதேன். நேற்றும்தான், அவள் முதல் முறை திரையில் வந்தபோதே.