பேதுருவின் இருக்கையும் பிளவுண்ட திருச்சபையும்

உண்மையான திருச்சபை எது, அதன் தலைவர் யார் என்ற வாதம் எழும்போதெல்லாம், 1054 ஜூலை 16 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் நடந்ததையே நான் நினைத்துப் பார்க்கிறேன். ஹாகியா சோபியா பேராலயத்துக்குள் நுழைந்த உரோமையின் தூதர் கர்தினால் ஹம்பர்ட், கிழக்கு (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையின் தலைமை ஆயரான மறைமுதுவர் மைக்கேல் செருலாரியுசைச் சபைநீக்கம் செய்யும் ஆணையைப் பீடத்தின்மீது வைத்துவிட்டு வெளியேறினார். அவரை அனுப்பிய திருத்தந்தை ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே இறந்துவிட்டதால், அந்த ஆணை செல்லுமா என்பதே ஐயத்துக்குரியது.

"இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்" என்று இயேசு பேதுருவிடம் சொன்னதை, உரோமையும் கிழக்கும் பிரிந்த அந்தப் பிளவின் இரு தரப்பும் ஏற்கின்றன. ஆனால் அந்தத் தலைமை பேதுருவின் வழிவந்த உரோமை ஆயருக்கே உரியது எனக் கத்தோலிக்கரும், அது ஆயர்கள் அனைவருக்கும் பொதுவானது, உரோமைக்கு இருந்தது மதிப்பில் முதலிடம் மட்டுமே என ஆர்த்தடாக்ஸ் சபையினரும் கொள்கின்றனர். 1870இல் முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருத்தந்தையின் வழுவா வரத்தை, அதாவது நம்பிக்கை, ஒழுக்கம் பற்றி அவர் அதிகாரபூர்வமாக வரையறுப்பதில் தவறமாட்டார் என்பதை, கோட்பாடாக்கியது இந்த இடைவெளியை மேலும் அகலமாக்கியது என்றே கருதுகிறேன்.

1965 டிசம்பர் 7 அன்று திருத்தந்தை ஆறாம் பவுலும் மறைமுதுவர் அத்தெனகோராசும் அந்தப் பழைய சபைநீக்கங்களை அகற்றினர். ஆயினும் ஒரே நற்கருணைப் பந்தியில் இரு சபையினரும் இன்றுவரை சேர்ந்து பங்குகொள்ள இயலாதிருப்பது, தலைவர் யார் என்ற வினாவைவிட என்னை அதிகம் வருத்துகிறது.