சிவப்புச் சால்வை

"எது வேண்டுமானாலும் போட்டுக்கொள். சிவப்பு மட்டும் இன்றைக்கு வேண்டாம்."

2023 நவம்பர் 25, சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டுப் பாட்டி என் தோளிலிருந்த சால்வையைக் காட்டிச் சொன்னார். மறுநாள் கார்த்திகை தீபம். அதற்காக அம்மா திருவண்ணாமலையிலிருந்து அனுப்பிய அரக்குச் சிவப்புச் சால்வை. மனசு சுருக்கென்றது. ஆனால் சிவப்பு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நிறம். அவர்களோடு மிச்சிகன் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்தில் மோதும் நாளில், மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் அதைப் போர்த்திக்கொள்வது, பங்காளிச் சண்டையில் எதிர்ப்பக்கம் நிற்பது மாதிரி. மகனால் வரமுடியாததால் அவன் டிக்கெட்டில் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார் பாட்டி. மிச்சிகனின் நிறமான நீலத்தில் இருந்த தன் மஃப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டார்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. ஆட்டநாளில் புல்வெளியில் கார் நிறுத்தக் காசு வாங்கும் வீடுகளும், வழியில் போகிறவர்கள் சொல்லும் 'கோ ப்ளூ'வும் பழகிவிட்டன. மைதானத்துக்குள் மட்டும் அன்றுதான் முதல்முறை. சாலையிலிருந்து பார்த்தால் அது பெரிதாகவே தெரியாது. உள்ளே போனால் தெப்பக்குளம் மாதிரி கீழே கீழே இறங்கும் படிகள். 1,07,601 இருக்கைகள், ஊர் மக்கள்தொகையே சுமார் 1,24,000தான்.

அதுவரை மிச்சிகன் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. முந்தின வாரம் மேரிலாண்டை 31-24 என்று வென்றது அணியின் 1000ஆவது வெற்றி. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டத் தடை. உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர்தான் பொறுப்பில் நின்றார். விதிகள் எனக்குப் பாதிதான் தெரியும். கபடி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த முட்டலும் தள்ளலும் போதும்.

மூன்றாம் கால்பகுதி, 17-17. எங்கள் ஜாக் ஜின்டர் கால் முறிந்து விழுந்தார். 65ஆம் எண். பந்தைத் தொடாமல், பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவதுதான் அவர் வேலை. லட்சம் பேருக்குமேல் இருந்த இடம் அடங்கிப்போனது. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் மறுபடி தொடங்கியதுமே எங்கள் பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டார். எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்!

எனக்கு அங்கே மைதானம் தெரியவில்லை. தீபத்தன்று திருவண்ணாமலைக் கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் ஆடி வரும் அந்தச் சில நிமிஷம்தான் தெரிந்தது. கழுத்து வலிக்க மலையுச்சியையே பார்த்து நிற்போம். அப்பா தோளில் என் தங்கை. உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே ஒரே குரலில் அலறும். நானும் அலறினேன். என்னவென்று அலறினேன் என்பது பாட்டிக்குப் புரிந்திருக்காது.

30-24 என்று மிச்சிகன் முன்னிலை. கடைசி நிமிடத்தில் எங்கள் ராட் மூர் எதிரணி எறிந்த பந்தைப் பிடித்ததும் எங்கள் பக்கம் முழுதும் அழுதது. ஜனவரி 1இல் அலபாமாவை 27-20, 8ஆம் தேதி ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வென்று, 15க்கு 15 வெற்றியோடு அணி தேசியப் பட்டம் வாங்கியது. அவற்றை டிவியில்தான் பார்த்தேன்.

ஒஹாயோ ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயிறு காலை ஏழரைக்கு, அங்கே தீபம் ஏற்றும் மாலை நேரத்தில், அம்மாவின் வீடியோ அழைப்பு. மொட்டைமாடியிலிருந்து மலையைக் காட்டினாள். ஜன்னலோரம் நான் ஏற்றியிருந்த இரண்டு அகலையும் அவளுக்குக் காட்டினேன்.

"ஏண்டி, குரல் இப்படிக் கம்மியிருக்கு? சளியா?"

"இல்லம்மா, நேத்தே கத்திட்டேன்" என்றேன். சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இருந்த குரலில் அரோகரா சொன்னேன்.